கமான் பட்டையும் அப்பத்தாவின் இடுப்பும்

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஆம்புலன்ஸ் பேச்சுதான். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஆட்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு வண்டி வாங்கப் போகிறார்கள். நல்ல காரியம். நானும் என் பங்கைப் போட்டுவிட்டேன். ஆனால் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா, பக்கவாட்டில் 'உபயம்' என்று யார் பேரை எழுதுவது, இதிலேயே பேச்சு சுற்றுகிறது. (பேர்ச் சண்டை இன்னும் முடியவில்லை.) வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருஷம் அப்பத்தா வீட்டு வளவில் (உள் முற்றத்தில்) வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. ஆத்தங்குடிக் கல்லில் சத்தமில்லாமல் உருண்ட ஸ்ட்ரெச்சர், முகப்பைத் தாண்டித் தெருச் சரளையில் இறங்கியதும் தடதடவென்று ஆடியது. அது ஒன்றுமே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். 90 கிலோமீட்டர் போல. ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்சக்கரம் ஏறும்போது அப்பத்தா கண்ணை மூடிக்கொள்வார்; பின்சக்கரம் ஏறும்போது என் கையை நசுக்குவார். திருப்பத்தூர் வருவதற்குள், "ஏய்யா, இன்னும் எத்தன மேடு இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். டிரைவர் பாவம், உருட்டிக்கொண்டுதான் போனார்.

ஏன் அப்படித் தூக்கிப் போட்டது என்று பிறகு ஒரு லாரி மெக்கானிக்கிடம் கேட்டேன். விஷயம் எளிது. சரக்கு வண்டியின் பின்னால் இருக்கிற கமான் பட்டை, அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங், டன் கணக்கில் பாரம் ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். அதே அடிச்சட்டத்தின் மேல் ஆம்புலன்ஸைக் கட்டி, ஒரு நோயாளி, ஒரு உதவியாளர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஏற்றினால் பட்டை அசையாது, மேட்டின் அடி அப்படியே மேலே வரும். போதாததற்கு, நோயாளியின் தலை டிரைவர் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். அப்பத்தாவின் உடைந்த இடுப்பு ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர்மேலே இருந்திருக்கிறது!

அமெரிக்காவில்கூட 1970கள் வரை நீளமான கார்களில்தான் ஆம்புலன்ஸ் செய்தார்கள். மெத்தென்று போகும், ஆனால் உள்ளே நிமிர்ந்து நின்று வைத்தியம் பார்க்க இடமில்லை. அதனால் வேனுக்கும் டிரக்குக்கும் மாறினார்கள். இடம் கிடைத்தது, மெத்து போனது. நாமும் அம்பாசிடர் பின்சீட்டில் நோயாளியைச் சாய்த்துக்கொண்டு ஓடியவர்கள்தானே. 2008ல் 108 வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேனுக்கு அடியில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்புப் பட்டைக்குப் பதில் காற்றுப் பை, வையுங்கள் என்கிறேன். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நாம் தூங்கிக்கொண்டு போகிற ஆம்னி பஸ்ஸில் அது இருக்கிறது. நோயாளிக்குக் கமான் பட்டையா?

வென்டிலேட்டர் விஷயத்துக்கும் வருகிறேன். ஏ.ஐ.எஸ். 125 என்கிற நம் நாட்டுத் தரநிலை ஆம்புலன்ஸை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. 'டி'தான் வென்டிலேட்டர் வைக்கிற உயர்சிகிச்சை வண்டி. அதை ஓட்ட மட்டுமில்லை, உள்ளே கருவியைக் கையாளவும் படித்த ஆள் 24 மணி நேரமும் வேண்டும். நம் ஊருக்கு யார் வந்து உட்காரப் போகிறார்கள்? அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ள 'சி' வகை போதும். மிச்சமாகிற பணத்தை அடிச்சட்டத்தில் போடலாம். நீளம் குறைந்த வண்டியாகப் பாருங்கள், கண்மாய்க் கரையில் திரும்ப வேண்டும், இரண்டு பக்கமும் கருவேல முள்.

குழுவில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் கமிட்டியில் யாராவது ஒருவர் அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கல்லல் வரை போய்வர வேண்டும். நாலு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். படுக்கிறேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.