பாலாற்றுக்காக ஜெர்மனி போவதில் என்ன தப்பு?

நான் ஜெர்மனிக்குப் படிக்கப் போவதற்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவில், ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே மைக்கில் பேசியதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "பாலாறு இங்க இருக்கு, பாப்பா படிக்கப் போறது ஜெர்மனியாம்!" பந்தலே சிரித்தது. பெரியவர் என்பதால் அங்கே பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

பாலாற்றைக் கெடுப்பது தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர். அந்தத் தோலில் ஆம்பூரில் தைக்கிற ஷூவுக்கு விலை ஆம்பூரில் முடிவாவதில்லை. ஜோடிக்கு இவ்வளவுதான் என்று ஐரோப்பாவில் வாங்குகிற கம்பெனி சொல்லிவிடுகிறது. அந்தக் காசுக்குள்தான் தோல், கூலி, கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். விலை எங்கே முடிவாகிறதோ அங்கே போய்ப் படிக்கிறேன். சூழல் நிலைத்தன்மையும் அரசியல் பொருளாதாரமும் சேர்ந்த படிப்பை நான் எடுத்தது இதற்காகத்தான்.

வாணியம்பாடி பக்கம் எங்கள் தாத்தாவுக்கு ஒரு கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கிணறு வைத்திருந்த ஆயா, சோறு வடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்.

கோர்ட் இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல், நம் வேலூர் மாவட்ட டேனரி வழக்கில்தான். நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் 28 வருடத்துக்கு மேல்! சட்டம் தெரியாமலா இப்படி ஆனது? பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் யாரும் தொடவில்லை.

டேனரியை மூடச் சொல்கிறாயா என்று ஒரு அண்ணன் கேட்டார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் மூடச் சொல்வேனா? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். தொழிலாளியும் நதியும் வேறு வேறு கட்சி இல்லை அண்ணா.

ஜெர்மனியில் 2023 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. சரக்கு வருகிற இடத்தில் உரிமை மீறல் நடக்கிறதா என்று பெரிய கம்பெனிகள் பார்த்தாக வேண்டும். குடிநீரைக் கெடுப்பதும் அதில் வரும். அதை வைத்து நம் ஊர்க்காரர் கேள்வி கேட்க முடியுமா? எனக்குத் தெரிய வேண்டும். இங்கே நல்ல காலேஜ் இல்லையா என்றால், இருக்கிறது, சரி. விலை அங்கே இருக்கிறது.

அப்புறம், "திரும்பி வருவாளா?" சித்தி மகன் ஐடி வேலைக்கு டல்லாஸ் போனபோது இதே ஊர் மாலை போட்டது. அவனை யாரும் இதைக் கேட்கவில்லை. பெண் போனால் மட்டும் ஊருக்கே கணக்குக் காட்ட வேண்டுமா?

காசைப் பற்றியும் பேசினீர்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒரு வருட வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே பேங்கில் கட்டிக் காட்ட வேண்டும். அதற்கு அடகு போனது அம்மாவின் வளையல். என்னிடம் கேள்வி கேட்கிற உரிமை அம்மாவுக்கு இருக்கிறது. அவர் கேட்கவில்லை, பெட்டி வாங்கி வந்திருக்கிறார்.