“வேதிவினையைக் கணினியே 100 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும்” என்பது உண்மையா?

“எந்த இரண்டு ரசாயனத்தைக் கலந்தாலும் என்ன கிடைக்கும் என்று ஏஐ பிசகாமல் சொல்லிவிடும், இனி ஆய்வகமே வேண்டாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, மீதி மிகைப்படுத்தல்.

ஐபிஎம் சூரிக் ஆய்வகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘மாலிக்யூலர் டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற ஏஐ மாடல் நிஜமானதுதான். மூலக்கூறுகளை எழுத்து வரிசையாக (எத்தனால் என்றால் ‘சிசிஓ’) படித்து, விளைபொருளை மொழிபெயர்ப்பு போல ஊகிக்கிறது. பொதுச் சோதனைத் தொகுப்பில் அதன் முதல் ஊகம் சரியானது சுமார் 90 சதவீதம். 100 அல்ல.

அந்த 90-க்கும் ஒரு பின்னணி உண்டு. பயிற்சியும் சோதனையும் அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களிலிருந்து எடுத்த வினைகளில்தான் நடந்தன. காப்புரிமையில் யார் தோற்றுப்போன வினையை எழுதுவார்கள்? அதனால் ‘இது நடக்கவே நடக்காது’ என்பதை அது அதிகம் பார்த்ததில்லை. வெப்பநிலை, நேரம் போன்றவை அதற்குத் தரப்படுவதில்லை. எவ்வளவு விளைபொருள் கிடைக்கும் என்றும் அது சொல்லாது. பழக்கமில்லாத வினை வகையில் தடுமாறும். தன் ஊகத்தில் எவ்வளவு நம்பிக்கை என்பதையும் அதுவே மதிப்பிட்டுச் சொல்கிறது; ஃபார்வேர்டு எழுதியவருக்குத்தான் அந்தத் தயக்கம் இல்லை!

இந்த மாடலைப் பற்றி 2019-இல் ‘ஏசிஎஸ் சென்ட்ரல் சயின்ஸ்’ என்ற வேதியியல் ஆய்விதழில் வந்த கட்டுரையை இலவசமாகவே படித்துச் சரிபார்க்கலாம்.

அப்புறம், இதை நம்பி வீட்டில் கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சையும் கலந்து பார்க்க வேண்டாம். குளோரின் வாயு வரும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.