ரிதம்: நாலு பேர். யார் எதை வாசித்தார்கள்?

யூடியூபில் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டுக்குக் கீழே இருக்கும் விவரத்தை விரித்துப் பாருங்கள். பாடியவர், எழுதியவர், மிக்ஸ் பண்ணியவர், மாஸ்டர் பண்ணியவர், புல்லாங்குழல், கிடார் எல்லாருக்கும் தனித்தனி வரி இருக்கும். தாள வாத்தியத்துக்கு வரும்போது மட்டும் ‘ரிதம்’ என்று பொதுவாகப் போட்டு நாலு பேரை ஒரே வரியில் அடைத்திருப்பார்கள். டோலக் யார், தர்புகா (அரபு நாட்டுக் கை முரசு) யார், ஷேக்கர் (மணி போட்ட கிலுகிலுப்பை) யார் என்று தெரியாது. பல பாட்டுகளில் அந்த வரியே இருக்காது.

இதை மரியாதைப் பிரச்சினையாக மட்டும் பேசிப் பேசியே விட்டுவிட்டோம். என்னைப் பொறுத்தவரை இது கூலிப் பிரச்சினை, அதற்கும் மேலே சட்டப் பிரச்சினை. அங்கே போவதற்கு முன்னால், அந்தத் தாள வாத்தியக்காரர் ஸ்டுடியோவில் என்னதான் செய்கிறார் என்று சொல்லியாக வேண்டும். “கிளிக்கை (ஹெட்போனில் தாளம் காட்டும் டிக்-டிக் ஒலியை)ப் போட்டால் தட்டிவிட்டுப் போவார்” என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தபலாவையே எடுத்துக்கொள்வோம். பாட்டின் சுருதி ஒரு கட்டையா (‘சி’), ஒன்றரையா (‘சி ஷார்ப்’), ஐந்தரையா (‘ஜி ஷார்ப்’) என்று கேட்டுவிட்டுத்தான் எந்தத் தபலாவைத் தூக்குவது என்றே முடிவாகும். வலது தபலாவின் வாய் ஏறக்குறைய ஐந்தே கால் அங்குலம் என்றால் ‘டி’ பக்கம் பேசும். ஐந்தரை ‘சி’, ‘சி ஷார்ப்’. ஆறு அங்குலம் ‘ஏ’ வரை இறங்கும். ஒரே தபலாவைச் சுத்தியலால் அடித்து எங்கே வேண்டுமானாலும் ஏற்றி இறக்க முடியாது. ரொம்ப இறக்கினால் விளிம்பில் தட்டும் ‘நா’ என்ற அடி செத்துப்போகும். ரொம்ப ஏற்றினால் விளிம்பில் கிழியும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கரும்பொட்டு விரிசல் விடும். பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டையில் பாட்டு வந்தால் ஷட்ஜத்தில் சேர்ப்பது கஷ்டம். மேலே போனால் எட்டாது, கீழே போனால் கனத்துவிடும். அப்போது மத்யமத்தில், அதாவது ‘சி ஷார்ப்’பில் சேர்ப்பார்கள், இல்லையென்றால் பஞ்சமத்தில், ‘டி ஷார்ப்’பில். பாட்டில் எந்த ஸ்வரம் அழுத்தமாக வருகிறது என்று கேட்டுப் பார்த்து எடுக்கிற முடிவு அது. ஆகவே ஐந்தாறு தபலாவாவது வண்டியில் ஏறும்.

கச்சேரியில் இல்லாத தலைவலி ஒன்று சினிமாப் பாட்டில் உண்டு. அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், நகர்ந்துகொண்டே இருக்கும். தபலா ‘சி’யில் கணீரென்று ஒலிக்கும்போது கீபோர்டு ‘பி மேஜர்’ கார்டுக்குப் போனால் அந்த இடம் கடிக்கும். நல்ல செஷன் வாசிப்பாளர் முதல் முறை பாட்டைக் கேட்கும்போதே அந்த பார்களை (தாளச் சுற்றுகளை)க் குறித்துக்கொள்வார். அங்கே மட்டும் ஒலி நீளும் திறந்த சொற்களை (அடிகளை)த் தவிர்த்து, உடனே அடங்கும் மூடிய சொற்களாகப் போட்டுத் தாண்டிவிடுவார். இடது பக்கமும் அப்படித்தான். பேஸ் கிடார் நிறைய வாசிக்கிற சரணத்தில் இடது முரசான பாயாவின் ‘கும்’மை இழுத்து வளைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் மோதி, மிக்ஸில் எது எதுவென்று தெரியாது. அந்த வளைவை இன்டர்லூடுக்கு வைத்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவர் வேலை சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அடுத்து ஏசி. சென்னையின் ஈரக் காற்றிலிருந்து தோல் வாத்தியத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோனால் தோல் காயும், இறுகும், சுருதி ஏறும். வந்தவுடன் சேர்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தால் முதல் டேக்குக்கும் ஐந்தாவது டேக்குக்கும் நடுவில் சுருதி நகர்ந்திருக்கும். உறையைக் கழற்றி அரை மணி நேரமாவது அறைக்குள் வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கால்ஷீட் கணக்கில் அந்த அரை மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

இதில் கஞ்சிராதான் உச்சக்கட்டச் சோதனை. சின்னத் தோல், உட்பக்கம் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவினால்தான் அந்தக் கீழ் ஒலி வரும், விரலை அழுத்தினால் வளையும். தண்ணீர் அதிகமானால் தொப்பென்று விழும், குறைந்தால் டப்பா மாதிரி கத்தும். சரியாக இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஏசிக் காற்று அதைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜினியர் சாவகாசமாக வந்து, “அந்த ஒரு பார் மட்டும் பஞ்ச் பண்ணிக்கலாம் சார்” என்பார், அதாவது அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டலாம் என்று. அதற்குள் தோலின் குணம் மாறியிருக்கும். ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியும். அனுபவசாலிகள் இரண்டு மூன்று கஞ்சிராவை வெவ்வேறு ஈரத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பார்கள். ஒட்டுப் போடுவதானால் பல்லவி, சரணம் தொடங்குகிற இடத்திலிருந்து முழுசாக எடுக்கச் சொல்வார்கள். (உடும்புத் தோல் கஞ்சிரா பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆட்டுத் தோலில் வாசிக்கப் பழகுங்கள்.)

ஷேக்கரைக் கேவலமாக நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு நூறு பீட் என்ற டெம்போவில் நாலு நிமிடப் பாட்டு என்றால் நானூறு பீட். பதினாறாம் நோட்டாக, அதாவது பீட்டுக்கு நாலு தடவை, குலுக்கினால் ஆயிரத்து அறுநூறு குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் இடையில் 150 மில்லி செகண்ட். கை திரும்பிய பிறகுதான் உள்ளே இருக்கும் மணிகள் போய்ச் சுவரில் மோதும். அதனால் கை எப்போதும் கிளிக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே போக வேண்டும். ஷேக்கரின் ஒலி ஊசி மாதிரி எழும்பாது, மெல்ல ஏறி உச்சத்துக்குப் போகும். எடிட் பண்ணுகிறவர் திரையில் ஒலியின் எந்த இடத்தைத் தாளக் கோட்டில் உட்காரவைக்கிறார் என்பதைப் பொறுத்துப் பாட்டு ஓடும், இல்லை இழுக்கும். உச்சியைப் பிடித்துக் கோட்டில் வைத்தால் ஒலி கிளம்புகிற இடம் கோட்டுக்கு முன்னால் போய்விடும். அவசரப்படுகிற மாதிரி கேட்கும். அப்புறம் “ஷேக்கர் ரஷ் ஆகுது” என்று வாசித்தவர் மேல் பழி.

“மெஷின் வந்து இவர்கள் வயிற்றில் அடித்துவிட்டது” என்று ஒரு ஒப்பாரி நம் பக்கத்தில் உண்டு. பாதிதான் உண்மை. 1980-ல் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின், 1983-ல் மின்னணு வாத்தியங்களை இணைக்கும் மிடி, 1985-ல் தட்டி வாசிக்கும் மின்னணுப் பலகையான ரோலண்ட் ஆக்டபேட் என்று வரிசையாக வந்தன. பெரிய ஹாலில் டோலக் ஒருவர், தபலா இருவர், டாம்பரின் ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து வாசித்த முறை மெல்லப் போய்விட்டது. நாலு நிமிடம் மாறாமல் ஓடும் அடித்தளத்தை, திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டான லூப் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது ஒரே ஆள். அவர் மூன்று லேயர் டோலக், ஒரு தர்புகா, உடுக்கை, ஷேக்கர், டாம்பரின், கைதட்டல் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார். அந்த அடுக்கிலும் நுணுக்கம் இருக்கிறது. ஒரே டோலக்கை ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தால் மூன்று பேர் வாசித்த மாதிரி இருக்காது, ஒரு ஆளின் குரலில் சளி பிடித்த மாதிரிதான் இருக்கும். வேறு டோலக், அரைச் சுருதி வித்தியாசம், மைக்கிலிருந்து வேறு தூரம், கொஞ்சம் வேறு கைப்பழக்கம். அப்போதுதான் கூட்டம் கேட்கும்.

ஆறு பேர் வேலையை ஒருவர் செய்கிறார். சம்பளம்? ஒரு கால்ஷீட்.

அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்கத்தின் ரெக்கார்டிங் ஒப்பந்தத்தில் இதற்கு வழி இருக்கிறது. அடிப்படை செஷன் மூன்று மணி நேரம். இரண்டாவது வாத்தியம் எடுத்தால் 20 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 15 சதவீதம். காங்கா, பாங்கோ போன்ற லத்தீன் தாள வாத்தியங்கள் ஒரே தொகுதி, சைலஃபோன் வகை இன்னொரு தொகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தொகுதி தாண்டினால் கூடுதல் பணம். பெரிய வாத்தியத்துக்கு வண்டிக் கூலியும் தனி. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. மோட்டவுன் கம்பெனி தன் ஸ்டுடியோ வாசிப்பாளர்களின் பெயரை ஆல்பம் உறையில் போட்டதே 1971-ல், மார்வின் கே ஆல்பத்தில்தான். அதற்குள் ஜாக் ஆஷ்ஃபோர்டின் டாம்பரின் உலகம் முழுக்க ஒலித்து முடித்திருந்தது.

இங்கே வழக்கம் பேக்கேஜ். இசையமைப்பாளருக்கு மொத்தமாக ஒரு தொகை. எல்லாச் செலவும் அதற்குள். தோல் வாத்தியத்துக்குக் கொடுப்பது குறைந்தால் அவர் கையில் மிச்சம் கூடும். யாரையும் கெட்டவர் என்று சொல்லத் தேவையில்லை, அமைப்பே அப்படி.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நிகழ்த்துபவர் தன் வாசிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளர் அந்தப் படத்தில் அதைப் பயன்படுத்துவதை எதிர்க்க முடியாது. ஆனாலும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று பிரிவு 38ஏ சொல்கிறது. அதே சட்டத்தில் ‘நிகழ்த்துபவர்’ என்பதற்கான விளக்கத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை டைட்டில் உட்பட எங்கேயும் போடுவதில்லை என்றால், தன் வாசிப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். பெயர் இல்லாத ஷேக்கரைத் ‘தற்செயல்’ என்று வாதாட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பெயர் போடுவது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் அந்தப் பத்தியை ஒருமுறை படியுங்கள்.

வீட்டிலிருந்து வாசித்து அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அவர்கள் ஸ்டுடியோவில் இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. வேலையைச் சுத்தமாகக் கொடுங்கள். படத்துக்கு சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 அளவீடு), 24 பிட். 44.1-ல் எடுத்த ஃபைல் மாற்றப்படாமல் 48 செஷனில் ஓடினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (செமிடோன்) ஏறிவிடும். அதைக் கேட்டு “தபலா சேரவே இல்லை” என்று போன் வரும். எல்லா ஃபைலும் முதல் பாரின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும். ரிவெர்ப், கம்ப்ரஷன் போடாமல் உலர்வாக அனுப்புங்கள். உச்சம் மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்ட வேண்டாம். மூடிய வகை ஹெட்போனைப் போட்டு, முடிவில் வாத்தியம் அடங்குகிற இடத்தில் கிளிக்கை நிறுத்திவிடுங்கள்; அங்கேதான் அது மைக்கில் கசிந்து கேட்கும். ஃபேனை நிறுத்துங்கள், வாட்சையும் காப்பையும் கழற்றுங்கள்.

ஃபைலின் பெயரிலேயே வாத்தியத்தையும் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பில்லில் ‘பெர்கஷன், 1 பாடல்’ என்று முடிக்காமல் டோலக் மூன்று லேயர், தர்புகா, உடுக்கை, ஷேக்கர் என்று வரி வரியாக எழுதி, ‘இந்தப் பாடலுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் டேக்கை வெட்டி அடுத்த படத்தில் லூப்பாக ஓட்டுவது ரொம்ப சகஜம். விவரப் பட்டியலில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதைப் பணம் வந்த பிறகு கேட்காதீர்கள், ஃபைல் அனுப்பும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எண்ணிக்கையில் சேராது.