நொட்டாங்கையில சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போறான், விடுங்க

சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையா எழுதிடறேன், ஒவ்வொரு விசேஷத்துலயும் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி என் தங்கச்சிக்கு அலுத்துப் போச்சு. அவ பையனுக்கு அஞ்சு வயசு. வலது பக்கம் கையும் காலும் சரியா வராது. ஹெமிபிலீஜியா, அதாவது செரிப்ரல் பால்ஸியில (சுருக்கமா சி.பி.) ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கிற வகை. இடது கையிலதான் சாப்பிடறான், இடது கையிலதான் எழுதவும் போறான். பந்தியில பக்கத்து இலைக்காரங்க வரைக்கும் "ஏம்மா, சோத்துக்கையில சாப்பிடப் பழக்கக் கூடாதா"ன்னு கேக்கறாங்க. பழக்கறதில்லன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்ங்க. அந்த வலது கைக்கு நாங்க வச்சிருக்கற வேலையே வேற.

கை நல்லாதான் இருக்கு, பிரச்சனை மூளையில. பொறக்கறதுக்கு முன்னாடியோ பொறக்கறப்பவோ மூளையோட இடது பக்கம் பாதிச்சா வலது பக்க ஒடம்பு மாட்டிக்கும். வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்கே ஸ்ட்ரோக் வரும்னு சொன்னா இன்னும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. வரும்ங்க, நிறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு ஹெமிபிலீஜியா வர்றதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். கிரகணத்தப்ப வெளிய வந்தியா, பப்பாளி தின்னியான்னு அவளை இனிமே யாரும் கேக்காதீங்க. மூளையில பட்ட பாதிப்பு நாளாக நாளாகப் பெருசாகாது, ஆனா உபயோகிக்காத கை வளர வளர மணிக்கட்டுல மடங்கி இறுகிடும், பயம் அதுக்குத்தான்.

இன்னொன்னு, கைக்குழந்தை வச்சிருக்கறவங்க கவனிங்க. ஒரு வயசுக்கு முன்னாடி எந்தக் குழந்தையும் இந்தக் கைதான்னு பிடிவாதமா இருக்காது. ஆறு ஏழு மாசத்துல கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரே கைதான் வருது, இன்னொரு கை முஷ்டி மடக்கியே இருக்குன்னா "லெஃப்ட் ஹேண்ட் பேட்ஸ்மேன் ஆகப்போறான்"னு சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, குழந்தை டாக்டர்ட்ட காட்டுங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா அவ்ளோ நல்லது.

சரி, வைத்தியம். நம்ம ஊர்ல முதல்ல சொல்றது எண்ணெய் போட்டு நீவி விடறது. நீவினா பையனுக்கு சுகமா இருக்கு, நல்லா தூங்கறான், வேண்டாம்னு சொல்லல. ஆனா நீவறப்ப வேலை செய்யறது பாட்டியோட கை, பேரன் கை சும்மாதானே கிடக்கு? டேபிள்ல படுக்க வச்சு கையை இழுத்து நீட்டி மடக்கி விடற எக்சர்சைஸும் அதே கதைதான். ஆஸ்திரேலியாவுல இயோனா நோவக்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் சி.பி. ட்ரீட்மெண்ட் பத்தின ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி 2013லயும் 2020லயும் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சுப் போட்டாங்க, பச்சைன்னா பலன் இருக்கு, செய்யலாம்னு அர்த்தம். கைக்கான பயிற்சியில பச்சையில வந்தது எல்லாமே குழந்தை தானா செய்யறது: ரெண்டு கையையும் சேர்த்துப் பழக்கறது, நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிட்டு வராத கையைப் பழக்கறது, வீட்ல வச்சு செய்யற பயிற்சி. அடுத்தவங்க பிடிச்சு அசைச்சு விடறது அந்தப் பக்கமே வரல.

நல்ல கையைக் கட்டற யோசனை எட்வர்ட் டௌப்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் குரங்குகளை வச்சு கண்டுபிடிச்சதுல இருந்து வந்தது. உணர்ச்சி போன கையை குரங்கு கொஞ்ச நாள் முயற்சி பண்ணிட்டு அப்புறம் விட்டே விட்டுடுது, நல்ல கையைக் கட்டினதும் திரும்ப அந்தக் கையை எடுக்குது. இப்ப குழந்தைங்களுக்கும் கிளவுஸ் மாட்டி விளையாட்டா செய்யறாங்க, பலன் இருக்கு. ஆனா யூட்யூப்ல பாத்துட்டு நீங்களா சாக்ஸை மாட்டி கட்டிடாதீங்க, தெரப்பிஸ்ட் பாத்து சொல்லித்தான் செய்யணும். இவனுக்கு செஞ்சப்ப "என் கையைக் குடு"ன்னு கேட்டு ஒரே அழுகை. அதே அளவு நேரம் ரெண்டு கை வேலை செஞ்சாலும் ஏறக்குறைய அதே பலன்தான்னு ஆராய்ச்சியில வந்திருக்கு, நாங்க அதுக்கு மாறிட்டோம்.

இப்ப நேரக்கணக்குக்கு வர்றேன், என் கோவமே இங்கதான். ஒரு குறிப்பிட்ட வேலையைக் கத்துக்கவே 14ல இருந்து 25 மணி நேரம் பயிற்சி வேணும், கை பொதுவா தேறணும்னா 30ல இருந்து 40 மணி நேரம், அதுவும் கிட்டக்கிட்ட. நியூயார்க்ல 2017ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்னுல அப்பா அம்மாவுக்கு ட்ரெயினிங் குடுத்து வீட்லயே தினம் 2 மணி நேரம், வாரம் 5 நாள், 9 வாரம், மொத்தம் 90 மணி நேரம் செய்ய வச்சாங்க. இங்க என்ன நடக்குது? வாரத்துக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம். வருஷம் பூரா ஒரு வாரம்கூட விடாம போனாலும் 39 மணி நேரம்தான், அதுல பாதி படுக்க வச்சு இழுக்கறதுலயே போயிடும். தங்கச்சி இருக்கறது ஏற்காட்டுக்கும் மேல நாகலூர் பக்கம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கறதுக்குள்ள பையன் ரெண்டு தடவை வாந்தி எடுத்துடுவான், சேலம் வந்து சேர்றப்ப துவண்டு கிடப்பான், அவனை வச்சு யாரு என்ன தெரப்பி செய்ய முடியும்? அம்மாவை வெளிய உக்கார வச்சு கதவைச் சாத்திக்குவாங்க. ஒரு சென்டர்ல போறப்ப ஒரு ஜெராக்ஸ் பேப்பர் குடுத்து விட்டாங்க, ஜாம் பாட்டில் மூடி திறக்கணுமாம், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கணுமாம். எங்க வீட்ல எவன் முள்கரண்டியில சாப்பிடறான்?

நாம சாப்பிடறதே ஒத்தைக் கை சாப்பாடுங்க. அதுல வலது கையைப் பழக்கப் போனா பையன் பட்டினி கிடப்பான், அவ்ளோதான். இவன் வலது கை எழுதற கையா, சாப்பிடற கையா ஆகப் போறதில்ல, கூடமாட பிடிச்சுக் குடுக்கற கையா நல்லா ஆகும். ஸ்வீடன்ல இந்தக் குழந்தைங்களுக்காகவே ஒரு டெஸ்ட் உருவாக்கியிருக்காங்க, அதுலயும் பாக்கறது இதைத்தான், ரெண்டு கை வேலையில இந்தக் கை எவ்ளோ துணைக்கு வருதுன்னு. டிபன் பாக்ஸ் மூடி, பை ஜிப், பேஸ்ட் ட்யூப், மிளகு சீசன்ல கொத்தை ஒரு கையில பிடிச்சு இன்னொரு கையில உருவறது, இதெல்லாம் ரெண்டு கை இல்லாம நடக்காது.

எங்க வீட்ல நல்லா வேலை செய்யறது தட்டுவடை செட்தான், சேலத்துக்காரங்களுக்கு விளக்கணுமா என்ன. தட்டையை வலது கையில பிடிக்கணும், இடது கையில சட்னி தடவி, கேரட் பீட்ரூட் துருவல் வச்சு, மேல இன்னொரு தட்டை. பிடிக்கறதுக்குக் கை வந்துடுது, எவ்ளோ அழுத்தணும்ங்கறதுதான் வராது. அழுத்தினா நொறுங்கிடும், லேசா விட்டா நழுவிடும். ஆரம்பத்துல எல்லாமே நொறுங்குச்சு, நொறுக்கல் போட்டு நாங்க தின்னுட்டோம். தோள் தூக்கும், முழங்கை மடங்கும், கட்டை விரல் உள்ளங்கைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். தங்கச்சி கையைத் தொட்டு சரி பண்ணவே மாட்டா. சட்னிக் கிண்ணத்தை மட்டும் மாத்துவா. கனமான கிண்ணம் வச்சா ஒத்தைக் கையிலயே வழிச்சு எடுத்துடுவான், லேசான எவர்சில்வர் கிண்ணம்னா ஓடும், ஓடறதைப் பிடிக்க வலது கை தானா வரும். "கையை எடு சாமி, கையை எடு"ன்னு நூறு தடவை கத்தறதைவிட அந்தக் கிண்ணம் நல்லா வேலை செய்யுது. இதை சொல்லிக்குடுத்தது வீட்டுக்கே வந்து பாத்த ஒரு ஓ.டி. பொண்ணு (ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கறவங்க), ஜெராக்ஸ் பேப்பர் இல்ல.

கோயில்ல விபூதி வாங்கறதும் அப்படித்தான். வலது கையை மட்டும் நீட்டச் சொன்னா உள்ளங்கை தரையைப் பாத்துக்கிட்டு நிக்கும், இந்தக் குழந்தைங்களுக்கு உள்ளங்கையை மேல பாக்கத் திருப்பறதுதான் ரொம்ப கஷ்டம். கீழ இடது கையைக் குடுத்து ரெண்டையும் சேர்த்து குழிச்சு வாங்கச் சொன்னோம், இப்ப வாங்கறான். பாதி கீழ கொட்டுது, கொட்டட்டும்.

வீட்டு தெரப்பின்னு அழகா சொல்லிடறாங்க, நடைமுறையில அது அம்மா தெரப்பி ஆயிடுது. தினம் 2 மணி நேரம்னு பேப்பர்ல எழுதறவங்க, எஸ்டேட் வேலைக்கும் போயிட்டு சமைக்கறவளுக்கு அந்த 2 மணி நேரம் எங்கிருந்து வரும்னு கேக்கறதே இல்ல. எங்க மாப்பிள்ளை குளிக்க வைக்கற நேரத்தை எடுத்துக்கிட்டாரு, சோப்பைப் பிடிக்கறது, துண்டைப் பிழியறது எல்லாம் அவர் கணக்கு. சாயங்காலம் அத்தை பூண்டு உரிக்க உக்கார வைப்பாங்க, நீவறதை அவங்க இன்னும் விடல, விடவும் சொல்லல நாங்க.

கேக்கறவங்களுக்கு: யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்துடுங்க. மத்திய அரசு நேஷனல் ட்ரஸ்ட்டோட நிராமயா இன்சூரன்ஸ்ல சி.பி. குழந்தைங்களுக்கு வருஷம் 1 லட்சம் வரைக்கும் இருக்கு, தெரப்பி செலவும் அதுல வரும். வட்டார வள மையத்துல கேட்டா மாற்றுத்திறன் குழந்தைங்களுக்கு பிசியோ ஏற்பாடு இருக்கு. கை வேலைக்கு ஓ.டி.தான் வேணும், அதுதான் மலை மேல கிடைக்கல, எங்களுக்கு வந்துட்டிருந்த பொண்ணும் கல்யாணமாகி ஓசூர் போயிடுச்சு. ஏற்காடு பக்கம் மாசத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து பாக்கற ஓ.டி. யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, வீடியோ கால்ல பாக்கறவங்களா இருந்தாலும் பரவால்ல, டவர் கிடைக்கற இடம் வரைக்கும் தங்கச்சியும் பையனும் நடந்து வந்துடுவாங்க.