கேப்டனுக்கு வேற வேலையே இல்லையா?

‘ஸ்டார் ட்ரெக்’ங்கிற விண்வெளி டிவி தொடரோட பழைய சீரீஸை எத்தனையாவது தடவையோ பார்க்கிறேன், இந்த எரிச்சல் மட்டும் அடங்கலை. விண்கப்பலில் 430 பேர். கீழே கிரகத்துக்கு யார் போறது? கேப்டன் கிர்க். கூடவே அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக். போதாததுக்கு டாக்டர் வேற!

1967-ல் வந்த ‘அரீனா’ எபிசோடையே எடுத்துக்கோங்க. அழைப்பு வந்ததுன்னு மூணு பேரும் ஜோரா இறங்குறாங்க. அது எதிரி அனுப்பின பொய்ச் செய்தி. இலை போட்டிருக்கும்னு போனா குண்டு மழை.

தப்பிச்சு வந்து எதிரியைத் துரத்தினா, மெட்ரான்கள்னு யாரோ குறுக்கே வந்து ரெண்டு கேப்டன்களையும் ஒரு பொட்டல் காட்டில் இறக்கி, “அடிச்சுக்கோங்க”ங்கிறாங்க. எதிரி யாரு? கார்ன். ரப்பர் பல்லி. விருந்து சாப்பிட்டு எழுந்த மாப்பிள்ளையே இதைவிட வேகமா நடப்பார். இதுகிட்ட மாட்டிக்க தனித் திறமை வேணும், கிர்க்குக்கு அது இருக்கு.

கையில் ஒரு கருவி. அதில் தன் யோசனை எல்லாத்தையும் மனுஷன் ஒப்பிச்சுக்கிட்டே இருக்கார். அந்தப் பக்கம் பல்லி அத்தனையும் கேட்டுக்கிட்டிருக்கு!

கடைசியில் கிர்க் கைக்குக் கிடைச்சதை வெச்சே ஒரு பீரங்கி செய்றார்: வெடிமருந்துக்குக் கந்தகம், கரி, பொட்டாசியம் நைட்ரேட், குழாய்க்கு மூங்கில், குண்டுக்குப் பதிலா வைரம். எல்லாம் கூப்பிடு தூரத்தில். எங்க தெரு மளிகைக் கடையில்கூட ஒரே நடையில் இத்தனை சாமான் கிடைச்சதில்லை.

சுட்டாச்சு, பல்லி சாஞ்சாச்சு. கொல்வாரா? மாட்டார். மேலே கப்பலில் இருக்கிறவங்க இதைத் திரையில் வேடிக்கை பார்க்கிறாங்க. 430 பேரில் ஒருத்தருக்காவது, “அடுத்த வாரம் நான் போறேன் சார்”னு சொல்ல வாய் வரலையா?