விழாமலே 'முறிந்த' தோள்

தோள்வலி பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வலி என்றாலே காரணம் சர்க்கரை நோய், தோள் இறுக்கம் என்று முடித்துவிட்டது. இன்னொரு காரணமும் இருக்கிறது: தோள்பட்டை எலும்பில் ஒரு துண்டு ஒட்டாமலே நின்றுவிடுவது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா நெல் மூட்டை தூக்கியே பழகியவர். போன குறுவை அறுவடையில் வலது கை தலைக்கு மேல் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போடக்கூட இடது கைதான். எக்ஸ்ரே பார்த்தவர் எலும்பு முறிவு என்றார். மனுஷன் எங்கேயும் விழவே இல்லையே!

அப்புறம் தஞ்சாவூரில் கையை விரிக்கச் சொல்லி, அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்தார்கள். தோள்பட்டை எலும்பின் நுனியான அக்ரோமியான் சின்ன வயதில் துண்டு துண்டாக இருந்து, 25 வயதுக்குள் ஒட்டிவிட வேண்டுமாம். இவருக்கு ஒரு துண்டு ஒட்டவே இல்லை. முறிவு என்றால் ஓரம் கூராக இருக்கும். இது மழமழவென்று இருந்தது. 'ஆஸ் அக்ரோமியாலே' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பலருக்கு இது இருப்பதே தெரியாது, வலியும் வராது. ஆனால் கையைத் தூக்கும்போது தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை அந்தத் துண்டைக் கீழே இழுத்தால், அடியில் ஓடும் தசைநாண் உரசும், சிலருக்குக் கிழியவும் செய்யும். சித்தப்பாவுக்கு உரசல் மட்டும்தான். அறுவை வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார்கள். மூட்டை தூக்கக் கூடாது என்றதில்தான் அவருக்குக் கோபம்.