ஸ்டீபன் ஷ்னைடர் பொய் சொல்லச் சொன்னாரா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கோடை மழை பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு படம் வந்து விழுகிறது. அதில் சிவப்பு எழுத்தில், ‘நேர்மை வேண்டாம், பயமுறுத்தினால் போதும் என்று காலநிலை விஞ்ஞானி ஸ்டீபன் ஷ்னைடரே ஒப்புக்கொண்டார்’ என்று இருக்கிறது.

தவறு. 1989-இல் அமெரிக்காவின் டிஸ்கவர் இதழுக்கு அவர் சொன்னதை வெட்டி எடுத்த துண்டு இது. விஞ்ஞானி என்றால் முழு உண்மையையும் சந்தேகங்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மக்களைத் திரட்ட நினைத்தால், ஊடகங்களில் எடுபட அச்சமூட்டும் காட்சிகள் தேவைப்படுகின்றன. பலனுக்கும் நேர்மைக்கும் நடுவே சரியான அளவை ஒவ்வொருவரும்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். வெட்டியவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வரி: ‘இரண்டுமாக இருப்பதுதான் அது என்று நம்புகிறேன்.’ பேச்சு கொஞ்சம் வம்பானதுதான், வெட்டுவதற்குத் தோதாக அமைந்துவிட்டது.

சரி, பனியுகம் வரும் என்றாரே? 1971-இல் சக விஞ்ஞானி ரசூலுடன் எழுதிய கட்டுரை அது. காற்றில் தூசு நான்கு மடங்கானால் பூமி குளிரும் என்று கணக்கிட்டார்கள். தூசின் குளிர்ச்சியைக் கூடுதலாகவும், கரியமில வாயுவின் சூட்டைக் குறைவாகவும் மதிப்பிட்டுவிட்டோம் என்று சில ஆண்டுகளிலேயே அவரே திருத்தினார். அந்தத் திருத்தத்தை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அப்புறம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளின் ஆசிரியர்களில் ஒருவர், நிக்சன் காலம் முதல் ஒபாமா காலம் வரை அமெரிக்க அரசுகளுக்கு ஆலோசகர். 2010-இல் காலமானார்.